மாமாவின் பல்செட்டும் திரும்பி வந்த மெயில்களும்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் அவளுக்கு முதலில் வணக்கம் வைப்பது திரும்பி வந்த மெயில்கள்தான். முந்தின நாள் அவள் அனுப்பியதெல்லாம் 'கொண்டுசேர்க்க முடியவில்லை' என்ற தலைப்போடு வரிசைகட்டி நிற்கும். இரவல் வாங்கிய குடையைக்கூடத் திருப்பித் தராத உலகத்தில் மெயிலை மட்டும் இவ்வளவு நாணயமாகத் திருப்பித் தருகிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். எல்லாரும் அவளை மெயில் அக்கா என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். இதற்கு முன் பல வருஷம் ஒரு பார்சல் அலுவலகத்தின் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தாள். அங்கேயும் இதே பாடுதான். வீடு பூட்டியிருந்தது, ஆள் இடம் மாறிப்போனார், கதவு எண் இல்லை என்று ஏதாவது ஒரு காரணத்தோடு பார்சல் திரும்பி வரும். அனுப்பியவர் நேரே வந்து கவுன்ட்டரில் இருக்கிற இவளைத் திட்டுவார். அந்த அலுவலகத்தை மூடியபோது கூட வேலை செய்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவள் அப்பாடா என்றாள். இனிமேல் திரும்பி வருகிற சாமானின் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நம்பித்தான் பல் லேபில் சேர்ந்தாள். வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

லேப் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. மூன்று அறை. கடைசி அறையில் பிளாஸ்டர் கலப்பார்கள். அங்கே நுழைந்தவன் வெளியே வரும்போது தலை நரைத்திருப்பான். நடு அறையில் மாஸ்டர் மெழுகில் பல் அடுக்குவார். முன் அறையில் இவள் மேஜை, கம்ப்யூட்டர், ஒரு காலைக் கொஞ்சம் தூக்கி வைத்த நாற்காலி. சுவர் அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள். யாரோ சொன்ன ஜோக்குக்கு எல்லாம் ஒன்றாகச் சிரிப்பதுபோல இருக்கும். அவை தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கின்றன என்பது அவள் கட்சி.

வேலை நடக்கிற விதம் இதுதான். பல் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். மாஸ்டர் மெழுகுக் கட்டையில் பல் அடுக்குவார். அதைப் பல கோணங்களில் படம் எடுத்து இவள் டாக்டருக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். டாக்டரிடமிருந்து எழுத்தில் 'சரி' என்று வந்தால்தான் மாஸ்டர் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு பிளாஸ்டிக்கை ஊற்றி வேகவைப்பார். வெந்த பிறகு மாற்ற முடியாது. ஒருமுறை போனிலேயே 'சரி' வாங்கி, ஒரு பாட்டியின் செட்டுக்குப் பதில் இன்னொரு பாட்டியின் செட்டை வேகவைத்துவிட்டார்கள். வாயை மூட முடியாமல் ஒரு பாட்டி லேபுக்கே வந்து நின்றதைப் பார்த்த நாளிலிருந்து மாஸ்டர் காதால் கேட்பதை நம்புவதில்லை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வழியில்லை. மாஸ்டர் ஒருநாள் கைதவறி யாரோ ஒருவரின் திறந்த வாயை மனைவி வீட்டார் குரூப்பில் போட்டுவிட, அவருடைய மாமியார் அது தன் வாய்தான் என்று சண்டைக்கு வந்துவிட்டாராம். மெயிலைத் தவிர எதிலும் படம் போகக்கூடாது என்று முதலாளி சட்டம் போட்டது அதற்குப் பிறகுதான்.

இந்தச் சட்டதிட்டத்தை எல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டிருந்தாள், சொந்த மாமனாரின் பல்செட் அதில் மாட்டிக்கொள்கிறவரை.

மாமனார் ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொன்னவர். ஒரு வார்த்தை இன்னொன்றை இடிக்காது. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் சாப்பாடு தயார் என்பதைக்கூட இரண்டு முறை, நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அவருக்கு ஒரே தம்பி, வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் போனில் பேசுவார்கள். தம்பி ஸ்பீக்கரில் போட்டு வீடு முழுக்க அண்ணன் குரலைக் கேட்கவைப்பார். அப்படிப்பட்ட மனிதரின் பழைய பல்செட் ஒருநாள் கை நழுவி வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அன்றோடு அவர் வாயை மூடியவர்தான். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார். கூழாகக் கரைத்த சாப்பாட்டை எதிரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். பல் உடைந்ததைத் தம்பியிடம் சொல்லக்கூடாது என்று மருமகளுக்கும் மகனுக்கும் சைகையாலேயே கட்டளை. சொன்னால் இவருடைய மைக் கௌரவம் என்ன ஆவது?

அந்தத் தம்பிக்குத்தான் இதய ஆபரேஷன், வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். அவள் புருஷன் சித்தப்பாவுக்குத் துணையாக அந்த ஊருக்குக் கிளம்பிப் போனான். போனதும் அங்கிருந்து போன் செய்தான்.

"சித்தப்பா ஒரே புலம்பல். அண்ணனுக்கு என்மேல என்ன கோபம், ஏன் போனுக்கே வரமாட்டேங்கிறாருன்னு கேக்குறாரு. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர் குரலைக் கேக்கணுமாம். உன் லேப்ல அந்தப் பல்லை முடிக்க மாட்டாங்களா?"

உன் லேப் என்று சொன்னதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அது இதுதான். மாமனாரின் பல்லை மாஸ்டர் அடுக்கி முடித்து, டாக்டரின் 'சரி'க்காக அது தட்டில் உட்கார்ந்திருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் நாற்காலிக்குப் போகிறாள். படத்தை அனுப்புகிறாள். சுவரில் அடித்த பந்துபோல அது திரும்பி வருகிறது. கிளினிக்குக்குப் போன் செய்தால் எதுவும் வரவில்லை என்கிறார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டால் அணைத்துவிட்டுப் போடுங்கள் என்கிறார். இருமல் என்றாலும் கால்வலி என்றாலும் ஒரே மாத்திரை கொடுக்கிற வைத்தியர் மாதிரி அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவள் பொறுமை அறுந்தது. திரும்பி வந்த மெயில் ஒன்றைத் திறந்து, இதுவரை யாரும் செய்யாத காரியமாக, அதை முழுதாக வாசித்தாள். பார்சல் கவுன்ட்டரில் இருந்தபோது திரும்பி வந்த பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் காரணத்தைத்தான் முதலில் பார்ப்பாள். இங்கே அந்தப் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புரியாத வரிகளுக்கு நடுவே காரணம் இருந்தது: அப்படி ஒரு முகவரியே இல்லை. அதற்கு மேலே முகவரி. அது கிளினிக்கின் பழைய முகவரி.

அந்தக் கிளினிக் முன்பு மூன்று சின்னக் கிளினிக்குகளாக இருந்தது. மூன்றும் சேர்ந்து ஒன்றாகி, புதுப் பலகை மாட்டி, மெயில் முகவரியையும் மாற்றின. கொஞ்ச நாள் பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தச் சலுகை முடிந்துபோனது. ஆனால் லேப் கம்ப்யூட்டரின் முகவரிப் புத்தகத்துக்கு அது தெரியாதே. இவள் டாக்டர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டுவாள், அது உடனே மீதியைத் தானே போட்டுவிடும். இவளும் நன்றி என்று ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள். அது போட்டதெல்லாம் பழைய முகவரி. தப்பான வீட்டுக்கு வழி காட்டுகிறவன் இவ்வளவு சுறுசுறுப்பாக இருப்பதுதான் ஆபத்து.

கிளினிக்கிலிருந்து சேதி சொல்லியிருக்கலாமே என்று போனில் சண்டைக்குப் போனாள். சொன்னோம், மெயிலில் சொன்னோம் என்றார்கள். எந்த முகவரிக்கு என்று கேட்டாள்; அவர்கள் படித்துக் காட்டியது லேபின் பழைய முகவரி. அந்தச் சலுகை முடிந்த அதே சமயத்தில்தான் லேபும் முகவரி மாற்றியிருந்தது. பழையது இவளுக்கு முன் வேலை பார்த்தவளின் பெயரில் இருந்தது. அவள் விலகிய பிறகு முதலாளி அதை மூடச் சொல்லி லேப் பெயரில் புதிது தொடங்கினார். அந்தச் சேதியை லேப் கிளினிக்கின் பழைய முகவரிக்கு அனுப்பியது. கிளினிக் தன் சேதியை லேபின் பழைய முகவரிக்கு அனுப்பியது. இரண்டு குடும்பம் ஒரே நாளில் வீடு மாறி, ஒருவர் காலி செய்த வீட்டின் கதவை இன்னொருவர் தட்டிக்கொண்டிருந்த கதை.

அன்று சாயங்காலத்துக்குள் அவள் பழைய முகவரிகளை எல்லாம் தேடித்தேடி அழித்தாள். புதியவற்றைப் போனில் கேட்டு, எழுத்தெழுத்தாக அடித்துச் சேர்த்தாள். லேபின் புதியதையும் கிளினிக்கில் சொல்லிவைத்தாள்; குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறியிருந்தது. அழித்தவை எல்லாம் அப்படியே இருந்தன. பழுது பார்ப்பவரைப் போனில் பிடித்து உலுக்கியதில், அணைத்துப் போடுங்கள் என்பதைத் தவிர முதல்முறையாக ஒரு உருப்படியான வார்த்தை சொன்னார். முதலாளியின் செல்போனும் இதே முகவரிப் புத்தகமும் ஒன்றோடொன்று இணைந்தவை. இங்கே அழித்தால் அங்கிருந்து திரும்பக் கொட்டும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அத்தனையும் பல வருஷப் பழக்கம், ஒன்றை அழித்தாலும் மனசு கேட்காது என்றார். அதில் உள்ள டாக்டர்களில் ஒருவர் இறந்தே போய்விட்டார் என்று அவள் சொன்னாள். அது தெரியும், அதனால்தான் அழிக்க மனசு வரவில்லை என்றார். இவரிடம் பேசுவது கல்லில் நார் உரிப்பது என்று தெரிந்துகொண்டு, அவர் டீ குடிக்க வெளியே போனபோது, மேஜையில் விட்டுப்போன செல்போனை எடுத்துக் கிளினிக் முகவரிகளை மட்டும் திருத்தினாள். இறந்த டாக்டரை அப்படியே விட்டுவிட்டாள். பிறகு மாமனாரின் பல் படத்தை அனுப்பினாள். வெகுநேரம் காத்திருந்தாள். எதுவும் திரும்பி வரவில்லை. அலமாரியில் இருந்த தாடைகளைப் பார்த்து அன்றுதான் முதல்தடவையாக அவளும் சிரித்தாள்.

சிரித்தது வீண். புதன்கிழமை மதியம் வரை 'சரி' வரவில்லை. கிளினிக்கின் ரிசப்ஷன் பெண்ணைக் கேட்டால், படம் வந்தது, டாக்டர் பார்த்தார், நேற்றே 'சரி' அனுப்பிவிட்டோம் என்கிறாள். இங்கே ஒன்றும் வரவில்லை என்று இவள் கரடியாய்க் கத்துகிறாள். அனுப்பினோமே அக்கா என்று அவள் அதே குரலில் சொல்கிறாள். மாஸ்டரிடம் கெஞ்சிப் பார்த்தாள். மெழுகு இளகுகிறது என்று அவரும் கவலைப்பட்டார், ஆனால் அசையவில்லை.

"இன்னிக்கு ராத்திரிக்குள்ள வேகவச்சாத்தான் நாளைக்குத் தேய்ச்சு மெருகு போட்டு, வெள்ளிக்கிழமை காலைல வாயில மாட்ட முடியும். உங்க மாமாங்கிறதுக்காக நான் அவசரப்பட்டு, நாளைக்கு அவர் வாய் மூடாமப் போச்சுன்னா உங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவர் சொல்வதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். நியாயமில்லாதவரைத் திட்டிவிட்டாவது ஆறலாம்.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கிளினிக்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளி, ரிசப்ஷன் பெண்ணின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நேற்று அனுப்பியதைக் காட்டு என்றாள். அந்தப் பெண் உண்மையிலேயே அனுப்பியிருந்தாள். 'சரி' என்ற மெயில், போன நேரம், எல்லாம் பளிச்சென்று இருந்தன. யாருக்குப் போனது என்று பார்த்தால், லேபின் பழைய முகவரிக்கு. இவளுக்கு முன் வேலை பார்த்துவிட்டுப் போனவளின் பெயர் அங்கே கொலுவீற்றிருந்தது.

வந்த மெயிலுக்கே பதில் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லையே என்று கேட்டாள். அந்தக் கிளினிக்கில் வழக்கம் வேறு. படம் வந்ததும் அதை நோயாளியின் கோப்பில் போட்டுவிட்டு மெயிலை அழித்துவிடுவார்கள். டாக்டர் கையுறையோடு கோப்பைப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு இந்தப் பெண் புதிதாக ஒரு மெயில் தொடங்கி, லேப் என்று இரண்டு எழுத்து அடிப்பாள். கம்ப்யூட்டர் மீதியைப் போட்டுக்கொள்ளும். இங்கேயும் அதே சுறுசுறுப்பான வழிகாட்டி.

"அது திரும்பி வந்திருக்குமே. நீ பாக்கலையா?"

"ஏதோ ஒண்ணு தினமும் வருதுக்கா. அனுப்பினவங்க பேரே புரியாது. தெரியாத இடத்துலேர்ந்து வந்தா திறக்காமலே அழிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிருக்காங்க. நான் ஒண்ணுவிடாம அழிச்சிடுவேன்."

அதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தில் சமர்த்துப் பிள்ளையின் பெருமை இருந்தது. மெயில் அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. யாரைத் திட்டுவது? இங்கே எல்லாரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். எல்லாரும் ஒழுங்காக இருந்தும் ஒரு மனிதர் கூழைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் அண்ணன் கோபமாக இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு ஆபரேஷனுக்குப் படுக்கப்போகிறார். அவள் குனிந்து, லேப் என்று இரண்டு எழுத்து அடித்து, கீழே நீட்டிக்கொண்டு வந்த பழைய பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெருக்கல் குறியை அழுத்தினாள். அது போனது. முகவரிப் புத்தகத்துக்குள் போய் அங்கிருந்தும் எடுத்தாள். டாக்டரின் செல்போனோடு இது இணைந்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றதும் ஒரு பெருமூச்சு விட்டாள். புதிய முகவரியை ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பெண்ணையே அடிக்கவைத்தாள். 'சரி' என்று அந்தப் பெண் அனுப்பினாள். லேபுக்குப் போன் செய்து வந்துவிட்டதா என்று மாஸ்டரிடம் கேட்டாள். அவர் எழுந்து போய்ப் பார்த்து, கண்ணாடி போட்டு இன்னொரு தடவை பார்த்து, வந்துவிட்டது என்றார். தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் செட்டை மாட்டினார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, இத்தனை நாளுக்குப் பிறகு மாமனார் வாய் திறந்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

ஒரு எழுத்து சிதறவில்லை. ரிசப்ஷன் பெண் கைதட்டினாள். டாக்டர், சாயங்காலம் வரை கழற்றாமல் வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் ஈறு பழகும் என்றார். மாமனார் தலையை ஆட்டிவிட்டு, காத்திருப்போர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, போன் போடு என்று மருமகளைப் பார்த்தார். மனசுக்குள் அவர் அறிவிப்பை ஒத்திகை பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

புருஷன் போனை எடுத்தான். சித்தப்பாவை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகும் நேரம், இதோ தள்ளுவண்டியில் படுத்திருக்கிறார் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஆனா அவர் பேசமாட்டேங்கிறார். ஆபரேஷன்னு பல்செட்டைக் கழட்டி வாங்கிட்டாங்க. பல்லு இல்லாத குரல்ல அண்ணன்கிட்டப் பேசமாட்டேன், அவர் என்ன நினைப்பாருங்கிறார்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மாமனார் எல்லாவற்றையும் கேட்டார். ஒத்திகை நின்றது. பிறகு கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, மேல் செட்டை இழுத்தார், கீழ் செட்டை இழுத்தார், இரண்டையும் எச்சிலோடு மருமகளின் உள்ளங்கையில் வைத்தார். போனை வாங்கிக்கொண்டார்.

"டேய், எனக்கும் பல்லு இல்லடா. அதான் இத்தனை நாளா வரல. பேசு."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு, காற்றுதான் அதிகம், சிரிப்பு கொஞ்சம். அண்ணா என்று ஒரு குரல், அதுவும் பாதி காற்று. இவர் ஏதோ சொன்னார், அவர் ஏதோ சொன்னார். ரயில் நிலையத்து மைக்கில் அப்படி ஒரு வார்த்தை போயிருந்தால் ஒரு பயணி சரியான வண்டியில் ஏறியிருக்க மாட்டான்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை போன், எத்தனை பஸ், முதலாளியின் செல்போனைத் திருட்டுத்தனமாகத் தொட்டது, ஒரு 'சரி'க்காகக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது எல்லாம் இதோ அவள் கையில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, மாஸ்டரின் மெருகோடு பல்லைக் காட்டுகிறது. இதைக் கழற்றித்தான் பேசுவதென்றால் போன மாதமே பேசியிருக்கலாமே மாமா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கண் கலங்கிவிட்டது, இரண்டு கையாலும் பல்லை ஏந்திக்கொண்டிருந்ததால் அதைத் துடைக்கவும் கை காலியாக இல்லை.

பெஞ்சில் மாமனார் குனிந்து பேசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்றவளுக்குப் பாதிகூடப் புரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ம், ம் என்று உடனுக்குடன் வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூடத் திரும்பி வரவில்லை.